ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி3 ரா படங்களை ராதெரபியில் திருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கேமராவின் திரையில் பார்த்தபோது வயல் பச்சைப் பசேலென்று இருந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் அதே படத்தின் ரா கோப்பைத் (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பு) திறந்தால் சோகை பிடித்தது போல வெளிறிக் கிடக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் மோசம். நெற்பயிர் தாள் தாளாகத் தெரிய வேண்டிய இடத்தில் புழு நெளிகிற மாதிரி ஏதோ கோலம். ஃபியூஜி வாங்கிய முதல் மாதத்தில் எனக்கு நடந்தது இது. லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் தூக்கம் போனது. லென்ஸிலும் கோளாறில்லை, கேமராவிலும் கோளாறில்லை. மற்ற கேமராக்களின் ராவைத் திருத்துகிற பழக்கத்திலேயே ஃபியூஜியின் ராவையும் தொட்டதுதான் தப்பு.

இந்த வழிகாட்டியில் நான் எடுத்துக்கொண்டிருப்பது எக்ஸ்-டி3 கேமராவும் ராதெரபி மென்பொருளும். எக்ஸ்-டி3 2018இல் வந்தது. பழைய கேமராக்கள் விற்கும் இடங்களில் இன்று ஓரளவு கட்டுப்படியான விலைக்குக் கிடைக்கிறது. ராதெரபி முழுக்க இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உங்களிடம் எக்ஸ்-டி30, எக்ஸ்-டி4, எக்ஸ்100வி போன்றவை இருந்தாலும் படிகள் ஏறக்குறைய இதேதான்.

ஃபியூஜியின் ரா ஏன் தனி ரகம்

சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் ஊகித்துக்கொள்ள வேண்டும். இந்த ஊகிக்கும் வேலைக்கு டெமோசைக்கிங் என்று பெயர். பெரும்பாலான கேமராக்களில் இருப்பது பேயர் அமைப்பு. இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். புள்ளிக் கோலம் மாதிரி அதுவே சென்சார் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

ஃபியூஜி 2012இல் எக்ஸ்-புரோ1 கேமராவோடு எக்ஸ்-டிரான்ஸ் என்ற வேறொரு அமைப்பைக் கொண்டுவந்தது. இதில் கட்டம் ஆறுக்கு ஆறு. 36 புள்ளிகளில் 20 பச்சை, சிவப்பும் நீலமும் எட்டெட்டு. எந்தக் கிடை வரிசையை எடுத்தாலும், எந்த நெடு வரிசையை எடுத்தாலும் மூன்று நிறமும் இருக்கும். துணியின் நெசவு, ஜன்னல் கம்பி மாதிரி சீரான கோடுகளைப் படமெடுக்கும்போது வரும் போலி அலைக்கோடுகள் இந்த அமைப்பில் குறைவு. அதனால்தான் அந்த அலைகளை மழுக்குவதற்காக வைக்கிற வடிகட்டியே வேண்டாம் என்று ஃபியூஜி விட்டுவிட்டது. படம் கூர்மையாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு சிவப்புப் புள்ளியிலிருந்து அடுத்த சிவப்புப் புள்ளிக்கு உள்ள தூரம் இடத்துக்கு இடம் மாறுகிறது, ஊகிப்பது கடினமாகிறது. ஊகம் சரியில்லாவிட்டால் புல், இலை, தலைமுடி போன்ற நுணுக்கமான இடங்களில்தான் குட்டு வெளிப்படும். அதன்மேல் ஷார்ப்பனிங்கை (ஓரங்களைக் கூர்மையாக்கும் வேலை) ஏற்றினால் மேலே சொன்ன புழுக்கள் நெளியும்.

ஒன்றைக் கவனியுங்கள். எல்லா ஃபியூஜியும் எக்ஸ்-டிரான்ஸ் இல்லை. எக்ஸ்-ஏ வரிசை, எக்ஸ்-டி100, எக்ஸ்-டி200, பெரிய சென்சார் உள்ள ஜிஎஃப்எக்ஸ் வரிசை இவை எல்லாம் பேயர்தான். உங்களுடையது இவற்றில் ஒன்று என்றால் கீழே டெமோசைக்கிங் பற்றி வரும் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

படம் எடுக்கும் முன்னாலேயே செய்ய வேண்டியது

கேமரா மெனுவில் படத்தின் தரத்தை ஃபைன் + ரா என்று வையுங்கள். ராதான் எடுக்கிறோமே, ஜேபெக் எதற்கு என்று தோன்றும். கேமரா எந்த நிறத்தை நினைத்தது என்பதற்கு அந்த ஜேபெக்தான் சாட்சி. திருத்தும்போது அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால், நாம் எங்கே வழி தவறினோம் என்பது உடனே தெரியும். கொஞ்சம் கை பழகிய பிறகு வேண்டுமானால் விட்டுவிடுங்கள்.

ரா ரெக்கார்டிங் என்ற இடத்தில் லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்டு. சுருக்காமல் வைத்தால் ஒரு ஆர்ஏஎஃப் கோப்பு, அதாவது ஃபியூஜியின் ரா கோப்பு, 55 எம்பி அளவுக்கு வரும். இழப்பில்லாமல் சுருக்கினால் பெரும்பாலும் அதில் பாதிக்குச் சற்று மேலே நிற்கும். தரத்தில் எந்த வித்தியாசமும் கிடையாது.

அடுத்தது டைனமிக் ரேஞ்ச். பலரையும் குழப்புவது இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். டிஆர்100, டிஆர்200, டிஆர்400 என்று மூன்று நிலைகள் இருக்கும். டிஆர்200 வைத்தால் எக்ஸ்-டி3 குறைந்தது ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 320 கேட்கும். டிஆர்400 என்றால் 640. ஏன்? டிஆர்200இல் கேமரா 320 என்று திரையில் காட்டிக்கொண்டே, உண்மையில் 160இல்தான் பதிவு செய்கிறது. அதாவது ஒரு ஸ்டாப் இருட்டாக, பாதி வெளிச்சத்தில். அப்படிச் செய்தால் வானமும் வெள்ளைச் சட்டையும் வெளுத்துப் போகாமல் தப்பிக்கும். பிறகு ஜேபெக்கை உருவாக்கும்போது நிழல் பகுதிகளை மட்டும் தூக்கிவிடுகிறது. ஜேபெக்கில் எல்லாம் அழகாகத் தெரியும். ராவிலோ அந்த ஒரு ஸ்டாப் இருட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். டிஆர்400 என்றால் இரண்டு ஸ்டாப்.

ஆட்டோவில் விட்டால் எந்தப் படத்துக்கு 100, எந்தப் படத்துக்கு 200 என்று கேமராவே முடிவு செய்யும். ஒரே இடத்தில் அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் மற்றொன்று இருட்டாகவும் திறப்பதற்கு இது ஒரு காரணம். ராவைத் திருத்துகிறவர்களுக்கு என் யோசனை: டிஆர்100இல் நிறுத்திவிட்டு, வானம் வெளுக்காதபடி எக்ஸ்போஷரை நீங்களே குறைத்து எடுங்கள். ஜேபெக்கை மட்டும் நம்புகிறவர்களுக்கு டிஆர்200 நல்ல துணை. அதை நான் குறை சொல்லவில்லை.

ஃபில்ம் சிமுலேஷன், அதாவது பழைய ஃபில்ம்களின் நிறச் சாயலைத் தரும் தேர்வு, எதில் வைத்தாலும் ராவின் பதிவு மாறாது. புரோவியா, வெல்வியா, கிளாசிக் குரோம் எல்லாம் ஜேபெக்குக்கான சமையல்தான். ராவில் இருப்பது கழுவி வைத்த காய்கறி.

மென்பொருளே இல்லாமல் ஒரு வழி

ராதெரபிக்குள் போவதற்கு முன்னால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்தில் நாலு படத்துக்கு இதுவே போதும்.

கேமராவில் படத்தைப் பார்க்கும் நிலையில் க்யூ பட்டனை அழுத்தினால் ரா கன்வர்ஷன் மெனு திறக்கும். ஃபில்ம் சிமுலேஷன், ஒயிட் பேலன்ஸ், ஹைலைட் டோன், ஷேடோ டோன் எல்லாவற்றையும் மாற்றி இன்னொரு ஜேபெக் எடுத்துக்கொள்ளலாம். சின்னத் திரையில் பார்த்து முடிவெடுக்கக் கண் வலிக்கும் என்பவர்களுக்காக ஃபியூஜியே இலவசமாகத் தருவதுதான் எக்ஸ் ரா ஸ்டுடியோ.

இந்த மென்பொருள் வேலை செய்யும் விதமே வேடிக்கையானது. கேமராவை யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைக்க வேண்டும். படத்தைச் சமைப்பது கேமராவுக்குள் இருக்கும் பிராசஸர்தான். கணினி வெறும் மேசை. அதனால் பழைய லேப்டாப்பாக இருந்தாலும் வேகம் குறையாது, நிறமும் கேமராவின் ஜேபெக்கில் வருவது அப்படியே வரும். இணைப்பதற்கு முன் கேமராவின் செட்அப் மெனுவில் கனெக்ஷன் செட்டிங், அதற்குள் பிசி கனெக்ஷன் மோட், அதில் யூஎஸ்பி ரா கன்வ் / பேக்கப் ரீஸ்டோர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை மறந்துவிட்டு கேபிளைக் குறை சொல்லாதவர் குறைவு. பேட்டரியும் நிரம்பியிருக்கட்டும்.

கட்டுப்பாடுகளும் உண்டு. எந்த மாடலில் எடுத்தீர்களோ அதே மாடல் கேமராதான் இணைந்திருக்க வேண்டும். எக்ஸ்-டி3இல் கிளாசிக் நெகட்டிவ் கிடையாது. எக்ஸ் ரா ஸ்டுடியோவிலும் அது வராது. டிஆர்100இல் எடுத்த படத்தைப் பிறகு டிஆர்400 ஆக்க முடியாது; பதிவாகாத வெளிச்சத்தை எங்கிருந்து கொண்டுவருவது? முகத்தை மட்டும் கொஞ்சம் தூக்க வேண்டும், பின்னணியை மட்டும் தணிக்க வேண்டும் என்பதெல்லாமும் இதில் நடக்காது. நிழலிலிருந்து நிறைய மீட்க வேண்டிய படங்களையும், ஷார்ப்பனிங்கும் நாய்ஸும் நம் கையில் இருக்க வேண்டிய படங்களையும் ராதெரபிக்குக் கொண்டு போங்கள்.

படி 1: ராதெரபியை நிறுவித் திறப்பது

ராதெரபியின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். முதல் முறை திறந்தால் விமானி அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், இதில் கால்வாசியைத்தான் தொடப் போகிறோம்.

படங்கள் இருக்கும் ஃபோல்டரை இடப்பக்கப் பட்டியலில் இரண்டு முறை கிளிக் செய்தால் சிறு படங்கள் வரும். ஒன்றைத் திறந்தால் எடிட்டருக்குப் போகும். வலப்பக்கம் எக்ஸ்போஷர், டீட்டெயில், கலர், டிரான்ஸ்ஃபார்ம், ரா என்று தாவல்கள் இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் ஒரு சிறு பட்டன் உண்டு. அது எரிந்தால்தான் அந்தக் கருவி வேலை செய்யும். ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் படம் அசையவில்லையா? முதலில் அந்தப் பட்டனைப் பாருங்கள்.

விசைப்பலகையில் இரண்டு எழுத்துகள் மட்டும் மனப்பாடம் ஆகட்டும். இசட் அழுத்தினால் 100 சதவீதப் பெரிதாக்கம். எஃப் அழுத்தினால் படம் முழுதாகத் திரைக்குள். ராதெரபியில் நாய்ஸ் ரிடக்ஷன் (படத்தின் பொட்டுப் பொட்டான இரைச்சலைக் குறைப்பது) போன்ற டீட்டெயில் வேலைகளின் உண்மையான விளைவு 100 சதவீதத்தில்தான் தெரியும். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே ஷார்ப்பனிங்கை ஏற்றுவது உப்பு ருசி பார்க்காமல் குழம்பு இறக்குகிற மாதிரி.

படி 2: டெமோசைக்கிங்

வேலையை ரா தாவலிலிருந்து தொடங்குங்கள். எக்ஸ்போஷரில் கை வைக்க ஆசையாக இருக்கும், பொறுங்கள். அடித்தளம் இங்கேதான்.

பேயர் சென்சாருக்கு ஒரு பகுதி, எக்ஸ்-டிரான்ஸுக்கு ஒரு பகுதி என்று இரண்டும் தெரியும். எக்ஸ்-டி3 படத்துக்கு இரண்டாவதுதான் செல்லும். அதில் மெத்தட் என்ற இடத்தில் 3-பாஸ் மார்க்கெஸ்டைன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபிராங்க் மார்க்கெஸ்டைன் என்பவர் எக்ஸ்-டிரான்ஸுக்காகவே உருவாக்கிய முறை இது. டார்க்டேபிள் என்ற மற்றொரு இலவச மென்பொருளிலும் இதே பெயரில் காண்பீர்கள். குறைந்த ஐஎஸ்ஓ படங்களில் இதுதான் அதிக நுணுக்கம் தரும். ஐஎஸ்ஓ 3200, 6400 என்று போன படங்களில் 1-பாஸ் போதும். நாய்ஸுக்கு நடுவே வித்தியாசம் தெரியாது, கணினிக்கும் சுமை குறைவு.

பட்டியலில் 4-பாஸ் என்றும் ஒன்று இருக்கும். நுணுக்கமான இடங்களுக்கு 3-பாஸையும், வானம், சுவர் மாதிரி சமமான இடங்களுக்கு வேகமான எளிய முறையையும் கலந்து செய்கிறது. பாதி வானமும் பாதி மரமுமாக இருக்கும் படங்களில் முயன்று பாருங்கள். வானத்தில் தேவையில்லாத சொரசொரப்பு குறையும்.

அதற்குக் கீழே ஃபால்ஸ் கலர் சப்ரெஷன் இருக்கும். பட்டுப்புடவையின் ஜரிகை, பொடிக்கட்டம் போட்ட சட்டை இவற்றில் இல்லாத பச்சை, ஊதாப் பொட்டுகள் தெரிந்தால் 1 அல்லது 2 வரை ஏற்றலாம். வேறு படங்களில் பூஜ்யமே நல்லது. ஏற்ற ஏற்ற உண்மையான நிறமும் கொஞ்சம் கரைந்து போகும்.

படி 3: கேப்ச்சர் ஷார்ப்பனிங்

அதே ரா தாவலில் கீழே போனால் கேப்ச்சர் ஷார்ப்பனிங் இருக்கும். 2020இல் வந்த 5.8 பதிப்பில் சேர்க்கப்பட்டது. எக்ஸ்-டிரான்ஸ்காரர்களுக்கு இது ஒரு வரம் என்றே சொல்வேன். சாதாரண ஷார்ப்பனிங் எல்லா மாற்றங்களும் முடிந்தபின் ஓரங்களை அழுத்திக் காட்டும். புழுக்களையும் சேர்த்தே அழுத்தும். கேப்ச்சர் ஷார்ப்பனிங் டெமோசைக்கிங் முடிந்த கையோடு, மற்ற எதுவும் தொடுவதற்கு முன், லென்ஸால் வந்த மங்கலை எதிர்த்திசையில் கணக்குப் போட்டு அகற்றப் பார்க்கிறது.

அதை ஆன் செய்யுங்கள். ரேடியஸும் கான்ட்ராஸ்ட் திரெஷோல்டும் தாமாகவே கணக்கிடப்படும்படி விட்டுவிடுங்கள். பிறகு இசட் அழுத்தி இலைகள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஓரங்களில் வெள்ளை விளிம்பு தெரிந்தால் ரேடியஸைத் துளி குறைக்கலாம். வானத்தில் மணல் தூவியது மாதிரி இருந்தால் கான்ட்ராஸ்ட் திரெஷோல்டை ஏற்றுங்கள். சமமான இடங்களை அது விட்டுவிடும். மூலைகள் மங்கலான லென்ஸாக இருந்தால் கார்னர் பூஸ்ட் என்பதைச் சிறிது ஏற்றலாம்.

இதைப் போட்டபின் டீட்டெயில் தாவலில் உள்ள பழைய ஷார்ப்பனிங் அணைந்தே இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கதை மறுபடி புழுவில்தான் போய் நிற்கும்.

படி 4: நிறமும் வெளிச்சமும்

இங்கே இரண்டு பாதைகள் உண்டு. ஏதாவது ஒன்றில் போங்கள். இரண்டிலும் கால் வைக்காதீர்கள். நான் மாதக்கணக்காக இரண்டையும் சேர்த்துப் போட்டு, எல்லா முகமும் பந்தல் ஃபோகஸ் விளக்குக்கு அடியில் நிற்பது போல ஏன் வருகிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

முதல் பாதை சுலபமானது. ஒவ்வொரு ஆர்ஏஎஃப் கோப்புக்குள்ளும் கேமரா உருவாக்கிய ஒரு ஜேபெக் ஒளிந்திருக்கிறது. எக்ஸ்போஷர் தாவலில் ஆட்டோ-மேட்ச்டு டோன் கர்வ் என்ற பட்டனை அழுத்தினால், ராதெரபி அந்த ஜேபெக்கைப் பார்த்து, அதே வெளிச்சமும் கான்ட்ராஸ்டும் வரும்படி ஒரு வளைகோட்டைத் தானே வரைந்துகொள்ளும். டிஆர்200ஆல் இருட்டான படமாக இருந்தாலும் சரியான வெளிச்சத்துக்கு வந்துவிடும். பல நேரம் ராதெரபி படத்தைத் திறக்கும்போதே இதைப் போட்டுவிட்டுத்தான் காட்டும். ஆனால் இது வெளிச்சத்தை மட்டுமே நகலெடுக்கிறது. வெல்வியாவின் பச்சையோ கிளாசிக் குரோமின் மங்கிய நீலமோ இதில் முழுதாக வராது.

இரண்டாவது பாதைக்கு ஒரு முறை மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அடோபி நிறுவனம் டிஎன்ஜி கன்வர்ட்டர் என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. நமக்கு அந்த மென்பொருளின் வேலை தேவையில்லை. அதோடு சேர்ந்து நிறுவப்படும் கேமரா புரொஃபைல்கள்தான் தேவை. ஃபியூஜியின் ஃபில்ம் சிமுலேஷன்களைப் போல அடோபி தயாரித்த டிசிபி கோப்புகள் அவை. விண்டோஸில் சி டிரைவுக்குள் புரோகிராம்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டர், அதற்குள் அடோபி, அதற்குள் கேமரா-ரா, அதற்குள் கேமரா-புரொஃபைல்ஸ், அதற்குள் கேமரா. அங்கே மாடல் மாடலாக ஃபோல்டர்கள் இருக்கும். எக்ஸ்-டி3 ஃபோல்டரைத் திறந்தால் புரோவியா, வெல்வியா, ஆஸ்டியா, கிளாசிக் குரோம் என்று வரிசையாகக் கோப்புகள்.

இப்போது ராதெரபியில் கலர் தாவல், அதில் கலர் மேனேஜ்மென்ட், இன்புட் புரொஃபைல் என்ற இடத்தில் கஸ்டம் என்பதைத் தேர்ந்து அந்தக் கோப்புகளில் ஒன்றைக் காட்டுங்கள். அதன் கீழே டோன் கர்வ், பேஸ் டேபிள், லுக் டேபிள், பேஸ்லைன் எக்ஸ்போஷர் என்று நாலு பெட்டிகள் இருக்கும். இருக்கிறவற்றை எல்லாம் டிக் செய்யுங்கள். உடனே எக்ஸ்போஷர் தாவலுக்குப் போய், ஏற்கெனவே ஆட்டோ-மேட்ச்டு கர்வ் இருந்தால் அதை லீனியர் ஆக்கி நீக்குங்கள். டிசிபிக்குள்ளேயே ஒரு வளைகோடு இருக்கிறது. அதன்மேல் இன்னொன்று ஏறினால்தான் நான் சொன்ன ஃபோகஸ் விளக்கு முகம்.

இந்தப் பாதையில் வெளிச்சத்தை நீங்கள்தான் ஏற்ற வேண்டும். பல ஃபியூஜி மாடல்கள் டிஆர்100இலேயே ராவைச் சற்று இருட்டாகத்தான் பதிவு செய்கின்றன. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை டிஆர்100 படத்துக்கு 0.7 அருகில், டிஆர்200க்கு 1.7 அருகில், டிஆர்400க்கு 2.7 அருகில் வைத்துத் தொடங்குங்கள். பக்கத்தில் கேமராவின் ஜேபெக்கைத் திறந்து வைத்து, நடுத்தர வெளிச்சப் பகுதிகள், அதாவது முகமோ மண்தரையோ சுவரோ, இரண்டிலும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். எண்ணைவிடக் கண்ணை நம்புங்கள்.

வெளிச்சத்தை ஏற்றியதும் வானம் வெளுக்கும். அதற்குத்தான் ஹைலைட் கம்ப்ரெஷன். 50இல் தொடங்கி 150 வரை போய்ப் பாருங்கள். மேகத்தின் வடிவம் திரும்பி வரும். வந்தபிறகும் மேகம் ஊதா கலந்து தெரிந்தால் ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்ஷனை ஆன் செய்யுங்கள். புதிய பதிப்புகளில் இன்பெயின்ட் ஆப்போஸ்டு என்ற முறை இருக்கிறது. வானத்துக்கு நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். நிழல் பகுதியைத் தூக்க ஷேடோஸ்/ஹைலைட்ஸ் கருவியில் ஷேடோஸை 20, 30 அளவில் ஏற்றினாலே போதும். கோயில் மண்டபத்துக்குள் நின்று வெளிப்பிராகாரத்தைப் பார்த்து எடுத்த படங்களுக்கு இது கை கொடுக்கும். அதற்கு மேலே போனால் தூண்கள் எல்லாம் சாம்பல் பூசியது போல ஆகிவிடும். இருட்டு இருட்டாகவே இருப்பதும் ஒரு அழகுதான்.

ஒயிட் பேலன்ஸை கேமரா என்பதில் வைத்துத் தொடங்குங்கள். மண்டபத்து மஞ்சள் பல்பும் வெளியே நீல வானமும் கலந்த படத்தில் ஸ்பாட் பிக்கரை எடுத்து வெள்ளைச் சுவரில் கிளிக் செய்து பார்க்கலாம். ஆனால் விளக்கு வெளிச்சத்து முகத்தை முழுக்க வெள்ளையாக்கிவிட்டால் அந்தச் சாயங்காலம் படத்தில் இருக்காது.

ராதெரபியில் ஃபில்ம் சிமுலேஷன் என்று தனியாக ஒரு கருவி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது ஹால்ட்கிளட் என்ற படக் கோப்புகளை வைத்து இயங்குவது. அந்தத் தொகுப்பைத் தனியாக இறக்கி, பிரிஃபரன்சஸில் ஃபோல்டரைக் காட்ட வேண்டும். அதில் ஃபியூஜியின் பழைய ஃபில்ம் சுருள்களின் சாயலில் பல இருக்கும். அவை கடையில் விற்ற சுருள்களின் சாயல். கேமராவுக்குள் இருக்கும் சிமுலேஷனின் நகல் இல்லை. விளையாடிப் பார்க்க நல்லது, ஆனால் அதிலிருந்து உங்கள் ஜேபெக்கின் நிறத்தை எதிர்பார்க்காதீர்கள்.

படி 5: லென்ஸ் திருத்தம்

ஃபியூஜியின் பல லென்ஸ்களில் வளைவைச் சரிசெய்வதை மென்பொருளுக்கென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். 18-55 லென்ஸை 18இல் வைத்து ஒரு கதவு நிலையை எடுத்துப் பாருங்கள். ராவில் நிலை பீப்பாய் போலப் புடைத்திருக்கும். கேமரா ஜேபெக்கில் அது தெரியாததற்குக் காரணம், திருத்தத்துக்கான தகவலை லென்ஸே கேமராவிடம் சொல்லிவிடுகிறது. அந்தத் தகவல் ஆர்ஏஎஃப் கோப்பிலும் பதிவாகியிருக்கும்.

டிரான்ஸ்ஃபார்ம் தாவலில் புரொஃபைல்டு லென்ஸ் கரெக்ஷனுக்குப் போங்கள். புதிய பதிப்புகளில் கோப்பிலுள்ள தகவலையே பயன்படுத்தும் தேர்வு இருக்கும். அதுவே முதல் விருப்பம். அது இல்லாவிட்டால் லென்ஸ்ஃபன் என்ற லென்ஸ் தகவல் தொகுப்பிலிருந்து தானாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வை வையுங்கள். டிஸ்டார்ஷன் (வளைவு), விக்னெட்டிங் (மூலை இருட்டு) இரண்டையும் டிக் செய்தால் வேலை முடிந்தது. பழைய மேனுவல் லென்ஸை அடாப்டர் போட்டு எடுத்திருந்தால் இதைத் தொட வேண்டாம்.

படி 6: நாய்ஸ்

ஐஎஸ்ஓ 1600 வரை நான் பெரும்பாலும் எதுவும் செய்வதில்லை. ஃபியூஜியின் நாய்ஸ் பொடி மணல் மாதிரி. ஃபில்மின் சொரசொரப்புக்குப் பக்கத்தில் வரும். அதற்கு மேலே போனால் டீட்டெயில் தாவலில் நாய்ஸ் ரிடக்ஷனை ஆன் செய்து, குரோமினன்ஸை ஆட்டோமேட்டிக் குளோபலில் விடுங்கள். நிறப் பொட்டுகள் மறையும். லுமினன்ஸை 5 முதல் 15க்குள் வையுங்கள். அதற்கு மேல் இழுத்தால் தோல் மெழுகுப் பொம்மையாகிவிடும். அந்த மெழுகு முகம் வேண்டாம் என்றுதானே ஜேபெக்கை விட்டு ராவுக்கு வந்தோம்.

படி 7: சேமிப்பது

கண்ட்ரோல் + எஸ் உடனே சேமிக்கும். நிறையப் படங்கள் என்றால் கண்ட்ரோல் + பி (B) அழுத்தி ஒவ்வொன்றையும் க்யூவில் போட்டுவிட்டு, கடைசியில் மொத்தமாக ஓடவிட்டு டீ குடிக்கப் போகலாம். 3-பாஸும் கேப்ச்சர் ஷார்ப்பனிங்கும் சேர்ந்தால் சுமாரான லேப்டாப் ஒரு படத்துக்கே மூச்சு வாங்கும்.

ஜேபெக் தரம் 92 போதும். வண்ண வெளி எஸ்ஆர்ஜிபி. மொபைலில் பார்ப்பவர்களுக்கும் சாதாரண லேபுக்கும் இதுதான் பத்திரம். வாட்ஸ்அப்பில் அனுப்ப நீளப்பக்கம் 2048 புள்ளிகளுக்குச் சுருக்குங்கள். முழு அளவில் அனுப்பினால் அது தன் இஷ்டத்துக்கு நசுக்கிவிடும். அச்சுக்கு முழு அளவே வையுங்கள். எக்ஸ்-டி3 படம் 6240க்கு 4160 புள்ளிகள். 18 அங்குலம் அகலத்துக்கு அச்சடித்தாலும் அங்குலத்துக்கு 340க்கு மேல் புள்ளிகள் கிடைக்கும்.

ஒரே கல்யாணத்தில் ஒரே வெளிச்சத்தில் எடுத்த 80 படங்களுக்கும் தனித்தனியாக இதையெல்லாம் செய்ய வேண்டாம். ஒன்றைச் சரியாக முடித்துவிட்டு, ஃபைல் பிரவுசரில் அதன்மேல் வலது கிளிக் செய்து புராசஸிங் புரொஃபைலைக் காப்பி செய்யுங்கள். மற்றவற்றைத் தேர்ந்தெடுத்து பேஸ்ட் செய்தால் போதும். டிஆர்100 படத்தின் அமைப்பை டிஆர்200 படத்தில் ஒட்டினால் ஒரு ஸ்டாப் இருட்டாகும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். டிஆர்100க்கு ஒன்று, டிஆர்200க்கு ஒன்று என இரண்டு புரொஃபைல்களைப் பெயரிட்டுச் சேமித்து வைத்திருக்கிறேன்.

லைட்ரூம் அல்லது கேப்ச்சர் ஒன் வைத்திருப்பவர்களுக்கு

லைட்ரூமில் புரொஃபைல் என்ற இடத்தில் கேமரா மேட்சிங்கைத் திறந்தால் ஃபில்ம் சிமுலேஷன்கள் தயாராக இருக்கும். டிசிபி தேடி அலைய வேண்டியதில்லை. லென்ஸ் திருத்தமும் தானாகவே நடக்கும். தலைவலி ஷார்ப்பனிங்தான், புழுவுக்குப் பெயர் போன மென்பொருளே இதுதான். இயல்பாக டீட்டெயில் 25இல் இருக்கும். 10க்குக் கீழே இறக்கி, மாஸ்கிங்கை ஏற்றிவையுங்கள். முக்கியமான ஓரிரண்டு படங்களுக்கு என்ஹான்ஸ் டீட்டெயில்ஸ் (இப்போது ரா டீட்டெயில்ஸ் என்று பெயர்) பயன்படுத்தலாம். 2019 பிப்ரவரியில் வந்த இந்த வசதி டெமோசைக்கிங்கையே மறுபடி வேறு முறையில் செய்கிறது. எல்லாப் படத்துக்கும் போட வேண்டியதில்லை.

கேப்ச்சர் ஒன் எக்ஸ்-டிரான்ஸை ஆரம்பத்திலிருந்தே நன்றாகக் கையாள்கிறது. பேஸ் கேரக்டரிஸ்டிக்ஸில் கர்வ் என்ற இடத்தில் ஃபில்ம் சிமுலேஷன்களைக் காணலாம். ஃபியூஜிக்கென்று இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் பதிப்பு 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வீடியோக்களைப் பார்த்து அதைத் தேடி அலையாதீர்கள்.

எதைப் பயன்படுத்தினாலும் ஆர்ஏஎஃப் கோப்புகளை டிஎன்ஜியாக (அடோபியின் பொதுவான ரா வடிவம்) மாற்றிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். எக்ஸ் ரா ஸ்டுடியோவும் கேமராவும் ஆர்ஏஎஃப் தவிர வேறு எதையும் ஏற்காது.

அப்புறம் ஒன்று. ராதெரபி மூலக் கோப்பைத் தொடாது. நீங்கள் செய்த திருத்தங்களை ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே அதே பெயரில் பிபி3 (.pp3) என்ற நீட்டிப்போடு ஒரு குட்டிக் கோப்பாக எழுதிவைக்கும். விண்டோஸில் ஆர்ஏஎஃப் கோப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து வேறு டிரைவுக்கு நகர்த்திவிட்டு, மிச்சம் கிடந்தவற்றை ஏதோ குப்பை என்று ஒரு ராத்திரி நான் அழித்துவிட்டேன். இரண்டு வார வேலை. நகர்த்தும்போது ஃபோல்டரையே முழுதாக நகர்த்துங்கள்.